கியர்ப் பெட்டிக்குக் கீழே இடிக்கிறதா? கிராஸ் மெம்பர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலம் பக்கம் சாலையோரத்தில் ஒரு பட்டறை நடத்துகிறேன். பாதி லேத், பாதி வெல்டிங். சோறு போடுவது நெல் அறுவடை இயந்திரமும் டிராக்டர் கலப்பையும். மனம் போவது பழைய அம்பாசிடர், பழைய மஹிந்திரா ஜீப் இவற்றின் மேல். திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று நான்கு திசையிலிருந்தும் அப்படிப்பட்ட வண்டிகள் வருகின்றன. என்ஜினை மாற்றியிருப்பார்கள், அல்லது நான்கு கியர்ப் பெட்டியை எடுத்துவிட்டு ஐந்து கியர் வைத்திருப்பார்கள். இறங்கியதும் சொல்வது ஒன்றுதான்: "கீழே எங்கேயோ இடிக்கிறது."

பதில்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் கிரீஸ் கை பட்டு எழுத்தே தெரியவில்லை. அதனால் இப்போது இங்கே. கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

1. கிராஸ் மெம்பர் என்று எதைச் சொல்கிறீர்கள்? என் வண்டியில் எங்கே இருக்கிறது?

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். என்ஜின், அதன் பின்னால் கியர்ப் பெட்டி, அதன் வாலிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். என்ஜினை முன்னால் இரண்டு ரப்பர் மவுண்டிங்குகள் தாங்குகின்றன. கியர்ப் பெட்டியின் வாலைத் தாங்க, இடது பக்கச் சட்டத்திலிருந்து வலது பக்கச் சட்டத்துக்குக் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அதன் நடுவில் ஒரு ரப்பர், ரப்பரின் மேல் கியர்ப் பெட்டி. அந்தக் குறுக்குச் சட்டம்தான் கிராஸ் மெம்பர். வீட்டுக்கு உத்திரம் மாதிரி. விரிசல் விடும் வரை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

2. கம்பெனியிலிருந்து வந்தபோது இடிக்கவில்லை. மாற்றிய பிறகு மட்டும் ஏன் இடிக்கிறது?

அந்தச் சட்டம் வேறொரு பெட்டிக்காகச் செய்யப்பட்டது. பழைய அம்பாசிடரில் 1489 சிசி என்ஜினும் நான்கு கியரும் இருந்தன. 1990களில் அதே கூட்டுக்குள் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர்ப் பெட்டியும் வந்தன. மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி; அடிவயிறு வேறு. ஐந்தாவது கியருக்கு இடம் வேண்டுமென்றால் பெட்டி பெரும்பாலும் வால் பக்கம் நீளும். அப்போது மவுண்டிங் உட்கார வேண்டிய இடமும் பின்னால் தள்ளிப்போகும். பழைய கிராஸ் மெம்பரோ இருந்த இடத்திலேயே, பெட்டியின் வயிற்றுக்கு நேராக நிற்கும். ஜீப்பில் பொலிரோவின் ஐந்து கியர்ப் பெட்டியை ஏற்றுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

நீளம் மட்டும் காரணமல்ல. என்ஜினின் முன் மவுண்டிங்கை அரை அங்குலம் உயர்த்தியிருந்தால் வால் கீழே சாயும். புதிய என்ஜினின் சைலன்சர் பைப் மறுபக்கம் இறங்கினால், அந்தப் பக்கம் பைப்புக்கு வழியே இருக்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மாற்றத்தின் மேல் பழி போட்டு வருகிற வண்டிகளில் கணிசமானவற்றில் குற்றவாளி ரப்பர்தான். எண்ணெய் குடித்து ஊறி, பழைய தோசை மாதிரி தட்டையாகிக் கிடக்கும். எதையும் வெட்டுவதற்கு முன்னால் ரப்பரை மாற்றிப் பாருங்கள்.

3. எவ்வளவு இடைவெளி இருந்தால் போதும்? ஒரு விரல் தாராளமாகப் போகிறதே!

யாருடைய விரல் என்று கேட்பேன். என் கணக்கு இது: கியர்ப் பெட்டியின் உடலுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே குறைந்தது 12 மில்லிமீட்டர். சுழலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் எந்த இரும்புக்கும் நடுவே 25. சைலன்சர் பைப்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் 20 முதல் 25.

பைப்புக்கு ஏன் இவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரும்பு சூடானால் நீளும். இரண்டு மீட்டர் பைப் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளுகிறது. காலையில் குளிர்ந்த வண்டியில் பட்டறைக்காரர் காட்டிய இடைவெளி, தஞ்சாவூர் போய்ச் சேரும்போது இருக்காது. அதற்கு மேல் என்ஜின் ஆடும் ஆட்டம் வேறு. நிற்கிற வண்டியில் அளந்த இடைவெளியை நான் இடைவெளியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

4. சத்தம் கேட்கிறது, ஆனால் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன செய்வது?

வாய்க்காலுக்குப் போய் ஒரு கை களிமண் எடுத்து வாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார் பிடிக்கிற அதே மண், கல் இல்லாமல் பிசைந்தது. சந்தேகப்படும் இடத்தில் கிராஸ் மெம்பரின் மேல் எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை வையுங்கள். எதிரே இருக்கும் பெட்டியின் மேல் ஒரு துண்டு பாலிதீன் ஒட்டினால் மண் பிடித்துக்கொள்ளாது. பிறகு வண்டியைக் கிளப்பி முதல் கியரில் ஒரு வெட்டு, ரிவர்ஸில் ஒரு வெட்டு, ஒரு வேகத்தடை. திரும்பி வந்து உருண்டையைப் பிளேடால் இரண்டாக அறுத்து, மிக மெல்லிய இடத்தை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். ஓட்டத்தில் உண்மையில் மிஞ்சிய இடைவெளி அதுதான். போன சித்திரையில் ஒரு ஜீப்பில் நின்றபடி அளந்தால் 14 மில்லிமீட்டர். களிமண்ணில் மிஞ்சியது 3. வண்டிக்காரர் கண்ணை அகல விரித்துவிட்டார்.

சைலன்சர் பக்கம் களிமண் காய்ந்து உதிர்ந்துவிடும். அங்கே சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளைத் தளர்வாக உருட்டி வைத்தால் அதுவும் இதே மாதிரி நசுங்கிக் காட்டும். வெறுமனே உரசல் தடம் மட்டும் வேண்டுமென்றால் கிராஸ் மெம்பரைக் கழுவித் துடைத்து வெள்ளைப் பெயின்ட் பூசுங்கள். இரண்டு நாளில் பெயின்ட் தேய்ந்த இடம் பேசும்.

5. ஓடும்போது ஒன்றும் இல்லை. ரயில்வே கேட்டில் நிற்கும்போது மட்டும் வண்டி முழுவதும் அதிர்கிறது. ஏன்?

எங்கள் ஊர்க் கேட்டில் நின்ற அனுபவம் இல்லாதவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது, டீசல் என்ஜின் மெதுவாக, ஆனால் அகலமாக ஆடும். வேகம் கூடினால் ஆட்டம் சிறுத்துவிடும். பெட்டியோ பைப்போ கிராஸ் மெம்பரை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த அகலமான ஆட்டம் ரப்பரைத் தாண்டி நேராக வண்டியின் கூட்டுக்குள் இறங்கும். கண்ணாடி, டேஷ்போர்டு, பல் எல்லாம் சேர்ந்து ஆடும்.

சோதிப்பது எளிது. ஐடிலிங்கில் விட்டு, அதிர்வு இருக்கும்போது கிளட்சை மிதித்துக்கொண்டு என்ஜின் வேகத்தை மிகக் கொஞ்சம் கூட்டுங்கள். அதிர்வு சட்டென்று அறுந்தால் எங்கோ தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். அடுத்து 4ஆம் கேள்வியில் சொன்ன களிமண்.

6. ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் 'டங்' என்கிறது. முன்னால் போகும்போது சத்தமே இல்லை.

சக்கரத்தைச் சுழற்றும் விசைக்கு எதிராக என்ஜினும் பெட்டியும் சேர்ந்து ஒரு பக்கம் சாயும். முன்னோக்கிப் போகும்போது, நம் ஊர் வண்டிகளில், பொதுவாகப் பயணியின் பக்கம் எழும்பும், ஓட்டுநரின் பக்கம் இறங்கும். ரிவர்ஸில் இது அப்படியே தலைகீழ். ஆகவே உங்கள் வண்டியில் இடைவெளி இல்லாதது பயணியின் பக்கம். பெரும்பாலும் அந்தப் பக்கம் ஓடும் பைப்பையோ கிளட்ச் கம்பியையோ பாருங்கள். முன் மவுண்டிங் ரப்பர் ஒன்று இரும்பிலிருந்து பிரிந்து போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும். நின்றால் ஒட்டியிருக்கும், இழுத்தால் வாய் திறக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக் கிளட்சைச் சற்றே விட, இன்னொருவர் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்க வேண்டாம்.

7. கிராஸ் மெம்பரில் இடிக்கிற இடத்தை மட்டும் கிரைண்டரால் கொஞ்சம் வெட்டிவிட்டால் தீர்ந்தது இல்லையா?

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. பட்டறை திறந்த புதிதில், டீசல் என்ஜின் ஏற்றிய அம்பாசிடர் ஒன்று வந்தது. சைலன்சர் இடித்தது. கிராஸ் மெம்பரின் கீழ் விளிம்பில் இரண்டு விரல் ஆழத்துக்கு அரைவட்டமாக வெட்டி, கம்பீரமாக அனுப்பி வைத்தேன். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். வரும்போது கியர் மாற்ற லீவர் வழி விடவில்லை, அறுபதைத் தாண்டினால் ஷாஃப்ட் நடுங்கியது. ஏற்றிப் பார்த்தால், வெட்டிய இடத்தில் சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்து, பெட்டியின் வால் 12 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். புதிய சட்டமும் செய்து கொடுத்தேன்.

பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்துப் படுக்கையாகப் பிடித்து வளையுங்கள், வளையும். அதையே செங்குத்தாகப் பிடித்து அழுத்துங்கள், அசையாது. பலம் உயரத்தில்தான் இருக்கிறது. செவ்வகக் கட்டை ஒன்றின் உயரத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். கிராஸ் மெம்பரின் மடிந்த விளிம்பும் அப்படித்தான். பார்க்க வெறும் ஓரம், சுமப்பது அதுதான். நான் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்கியது இந்த ஓரத்தை வெட்டித்தான்.

வேறு வழியே இல்லாமல் வெட்ட நேர்ந்தால், முதலில் வெட்டும் வடிவத்துக்கு ஏற்ப வளைத்த தகட்டைத் தயார் செய்யுங்கள். வெட்டியதும் அந்த வளைவை ஓரம் ஓரமாக வெல்டிங் செய்து மூடி, எதிர்ப் பக்கத்தில் ஒரு பட்டை ஏற்றி, இழந்த உயரத்தைத் திருப்பிக் கொடுங்கள். வெட்டு சதுர மூலையாக இருக்கக் கூடாது. விரிசல் மூலையில்தான் பிறக்கும்.

8. வாஷர் வைத்து கிராஸ் மெம்பரை இறக்கிக் கொடுத்தார்கள். இடிப்பது நின்றது. இப்போது ஐம்பதுக்கு மேல் வண்டி நடுங்குகிறதே?

ஒரு நோயை எடுத்து இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் ஜாயிண்ட் இருக்கிறது. கோணத்தில் சுழலும் கிராஸ் ஜாயிண்ட், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை ஷாஃப்டைக் கொஞ்சம் முந்தவும் பிந்தவும் வைக்கும். முன் ஜாயிண்ட் செய்யும் குறும்பைப் பின் ஜாயிண்ட் சரி செய்ய வேண்டும். அதற்குக் கியர்ப் பெட்டியின் அச்சும் பின் ஆக்சில் மூக்கின் (ஷாஃப்ட் போய்ச் சேரும் முனையின்) அச்சும் இணையாக இருக்க வேண்டும். வாலை இறக்கியதும் அந்த இணை போய்விட்டது.

கணக்கு போடலாம். முன் மவுண்டிங்கிலிருந்து வால் ரப்பர் வரை 900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலை 16 மில்லிமீட்டர் இறக்கினால் ஒரு டிகிரி மாறும். மூன்று வாஷர் வைத்தவர் அரை டிகிரிக்கு மேல் மாற்றியிருப்பார். அளப்பதற்குக் கொத்தனாரின் ரசமட்டமும் கோணமானியும் போதும், கைப்பேசியில் உள்ள கோணம் காட்டும் செயலியும் போதும். சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும், வழக்கமான சுமையோடு. பெட்டியின் வால் முகம், ஷாஃப்ட், ஆக்சில் மூக்கு முகம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு ஜாயிண்டிலும் கோணம் மூன்று டிகிரிக்குள், இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. பூஜ்யமும் கூடாது, ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழுந்துவிடும்.

வாலை இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பின் ஆக்சிலையும் அதே அளவு திருப்புங்கள். அம்பாசிடர், பழைய ஜீப் இரண்டுக்கும் பின்னால் பட்டை ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே சாய்வான ஆப்பு வைத்து மூக்கைத் திருப்பலாம். ஆப்பு இரும்பில் கடைந்ததாக இருக்கட்டும், அலுமினியம் நசுங்கும்.

9. அப்படியென்றால் கிராஸ் மெம்பரை இறக்குவதா, டன்னலைத் தட்டி ஏற்றுவதா?

டன்னல் என்பது பெட்டிக்கும் ஷாஃப்டுக்கும் மேலே தரைத் தகடு மேடாக எழும்பும் பகுதி. நான் டன்னல் கட்சி. நம் பக்கத்து வாய்க்கால் கரைச் சாலைகளைப் பாருங்கள். டிராக்டர் சக்கரம் இரண்டு பக்கமும் பள்ளம் பறித்து, நடுவில் மேடு விட்டு வைத்திருக்கும். மழை பெய்து காய்ந்த வண்டல் மேடு சிமெண்டுக்கு இளைத்ததல்ல. அதில் முதலில் இடிபடுவது பெட்டிக்குக் கீழே தொங்கும் கிராஸ் மெம்பர். 20 மில்லிமீட்டர் இறக்கியவர் அந்த 20ஐ மேட்டில் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

டன்னலைத் தட்டுவதும் சும்மா சுத்தியலால் அடிப்பதல்ல. தகட்டில் விரிசல் வந்தால் மழைநீர் காலடிக்கு வரும். ஜீப்பில் டன்னல் தட்டு பெரும்பாலும் கழற்றக்கூடியது, ஆகவே அங்கே கவலையே இல்லை. உயரமாக ஒன்று மடித்துப் போட்டுவிடலாம். அம்பாசிடரில் டன்னல் கூட்டோடு சேர்ந்தது. அதை வெட்டி உயர்த்துகிறவர் மறுபடி முழுத் தையலாக வெல்டிங் செய்ய வேண்டும்.

10. பைப் கிராஸ் மெம்பருக்கும் பெட்டிக்கும் நடுவே போகிறது. இடிக்கவில்லை. விட்டுவிடலாமா?

வேறு ஊராக இருந்தால் விடலாம் என்பேன். இங்கே தை, மாசியில் பாதிச் சாலையில் நெல்லும் வைக்கோலும் காய்கின்றன. அதன் மேல் ஓட்டிக்கொண்டுதான் போகிறோம். வைக்கோல் ஷாஃப்டில் சுற்றி, முன்னால் வந்து, கிராஸ் மெம்பரின் மேல் கூடு கட்டும். அந்தக் கூட்டுக்கு நடுவில் சூடான பைப். அறுவடைக் காலத்தில் ஒரு ஜீப்பின் அடியிலிருந்து நான் உருவிய வைக்கோல் ஒரு கன்றுக்குட்டிக்கு ஒரு வேளைக்கு வரும். பைப் பக்கம் இருந்தது கருகிப் போயிருந்தது.

பைப்பைக் கிராஸ் மெம்பருக்கு வெளியே வளைத்துக் கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால் நடுவில் ஒரு மில்லிமீட்டர் தகட்டில் வெப்பத் தடுப்பு, இரு பக்கமும் காற்று போக வழி. அறுவடை மாதங்களில் வாரம் ஒருமுறை குனிந்து கையை விடுங்கள், வண்டி குளிர்ந்த பிறகு.

11. ரப்பர்தான் அசைகிறது. அதை எடுத்துவிட்டு இரும்புக் கட்டையே வைத்துவிட்டால்?

வேண்டாம். என்ஜின் முன்னால் ரப்பரில் ஆடிக்கொண்டிருக்க, வால் மட்டும் இரும்பில் இறுகியிருந்தால் அந்த ஆட்டம் எல்லாம் அலுமினியப் பெட்டியின் காதுக்கு, அதாவது ரப்பரைப் பூட்டும் இடத்துக்குப் போகும். காது உடையும். டிராக்டர் டயரை வெட்டி வைப்பதும் கிட்டத்தட்ட இதேதான். உள்ளே நைலான் நூல் இருப்பதால் அது ரப்பர் மாதிரி நசுங்காது.

12. புதிதாகச் செய்யச் சொன்னால் என்ன தகடு, என்ன போல்ட் என்று சொல்லுங்கள் அண்ணே. லேத்துக்காரர் என்னைக் கேட்கிறார்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அம்பாசிடர், ஜீப் அளவு வண்டிக்கு 50க்கு 50 சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் சுவர். அல்லது 5 மில்லிமீட்டர் தகட்டை 'ப' வடிவில் மடித்தது. முனைத் தட்டுகள் 6 மில்லிமீட்டர். சட்டத்தில் பூட்ட 8.8 என்று தலையில் எழுதிய 12 மில்லிமீட்டர் போல்ட், சுமார் 80 நியூட்டன் மீட்டர் இறுக்கம். 10 மில்லிமீட்டர் என்றால் 45. தலையில் எண் இல்லாத போல்ட்டைக் கதவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயின் ஊடாகப் போல்ட் போகும் இடத்தில் உள்ளே ஒரு புஷ் (போல்ட் நுழையும் கனமான குட்டிக் குழாய்) கடைந்து வெல்டிங் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கும், இறுக்கம் நிற்காது. பத்தில் எட்டுப் பேர் விடுவது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முனைத் தட்டின் துளையை முன்பின்னாக நீள்துளையாக வைத்தால் பொருத்தும்போது பத்து மில்லிமீட்டர் நகர்த்த இடம் கிடைக்கும். குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. கடைசியாக, சட்டம் பெட்டியின் எண்ணெய்த் திருகுக்கு நேர் கீழே வராமல் பாருங்கள். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் உங்களைத் திட்டுவார்கள்.

13. ஜீப்புக்கும் அம்பாசிடருக்கும் ஒரே முறையா?

இல்லை. ஜீப்புக்குத் தனிச் சேஸிஸ். கிராஸ் மெம்பர் பெட்டியைத் தாங்குவதோடு இரண்டு சட்டத்தையும் பிணைக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை நகர்த்தக் கூடாது, பலவீனமாக மாற்றிச் செய்யவும் கூடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் என்றால் பெட்டிக்குப் பின்னால், முன் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தொங்கும், முன் ஷாஃப்டும் போகும். 8ஆம் கேள்வியின் கோணக் கணக்கை அங்கே இரண்டு முறை போட வேண்டும்.

அம்பாசிடரில் சட்டம் கூட்டோடு சேர்ந்த மெல்லிய தகடு. அங்கே பயப்பட வேண்டியது துரு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் நின்ற வண்டி என்றால் போல்ட் துளையைச் சுற்றித் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் முதலில் சட்டத்துக்குத் தகடு, பிறகு கிராஸ் மெம்பர். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு தண்ணீரில் நின்ற வண்டிகள் பல அடுத்த ஆண்டுகளில் இப்படித்தான் வந்தன. மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே பிஸ்கட்.

14. பட்டறைக்கு வர நேரமில்லை. வீட்டில் நானே கழற்றலாமா?

கழற்றலாம். ஆனால் கிராஸ் மெம்பரின் போல்ட்டைத் தொடும் முன் கியர்ப் பெட்டிக்கு அடியில் ஒரு பலகையும் ஜாக்கியும் வைத்து எடையை ஏற்றுங்கள். வைக்காமல் கழற்றினால் வால் இறங்கும்; என்ஜினின் பின் தலை நெருப்புச் சுவரில் (என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகட்டில்) மோதும், முன்னால் ஃபேன் ரேடியேட்டரைச் சுரண்டும், லீவர் டன்னல் துளையில் மாட்டும். பேட்டரி வயரை முதலில் எடுத்துவிடுங்கள்.

வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் சொல்லாமல் நொறுங்கும். குழி வெட்டி வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். எங்கள் ஊரில் ஐப்பசியில் வெட்டினால் கார்த்திகையில் கிணறு. நானே தென்னை மரக் கட்டையில் சாய்தளம் போட்டுத்தான் வேலை செய்கிறேன்.

15. எல்லாம் சரி செய்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு ஆறு பேர் ஏறினால் மட்டும் 'கர்' என்று உரசுகிறது. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் வேறு இடத்தில் உரசுகிறது. எதை நம்புவது?

இரண்டையும். ஆள் ஏறினால் பின் ஆக்சில் கூட்டை நோக்கி எழும்பும், ஷாஃப்ட் டன்னலின் மேல் பக்கம் போகும். கூட்டைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஆக்சில் இறங்கும், ஷாஃப்ட் கிராஸ் மெம்பர் பக்கம் வரும். ஒரே ஷாஃப்ட், இரண்டு எல்லை. 3ஆம் கேள்வியில் சொன்ன 25 மில்லிமீட்டர் இந்த இரண்டு எல்லையிலும் இருக்க வேண்டும்.

இன்னொன்று கவனியுங்கள். ஆக்சில் ஏறி இறங்கும்போது ஷாஃப்டின் நீளம் மாற வேண்டும். அதற்குத்தான் சறுக்கும் பகுதி. நீளமான பெட்டியை ஏற்றிவிட்டுப் பழைய ஷாஃப்டை அப்படியே திணித்திருந்தால் சறுக்க இடம் இருக்காது. சுமை ஏறியதும் ஷாஃப்ட் பெட்டியை முன்னால் குத்தும், பெட்டி ரப்பரோடு நகர்ந்து கிராஸ் மெம்பரில் உரசும். அப்போது கிராஸ் மெம்பரை எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை. ஷாஃப்டைத்தான் லேத்தில் குறைத்து, பேலன்ஸ் செய்ய வேண்டும். முழுச் சுமையில் இன்னும் 20 மில்லிமீட்டராவது உள்ளே போக இடம் வையுங்கள்.

16. ஆர்டிஓ அலுவலகத்தில் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு)ப் போகும்போது பிரச்சினை வருமா?

கிராஸ் மெம்பர் பதிவுச் சான்றிதழில் வரும் விவரமல்ல. அதை மாற்ற வைத்த என்ஜின் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இதுதான்: தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களோடு பதிவுச் சான்றிதழ் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. என்ஜின் மாற்றுவதாக இருந்தால் வேலையைத் தொடங்கும் முன்பே பதிவு அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். தனியார் வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு என்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு நான் கிராஸ் மெம்பர் செய்து கொடுப்பதில்லை. வாடிக்கையாளர்கள் சிலர் இதனாலேயே வேறு பட்டறைக்குப் போனார்கள், போகட்டும்.

17. ஒருமுறை செய்துவிட்டால் மறுபடி பார்க்க வேண்டாம் அல்லவா?

500 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். புதிய பெயின்ட் நசுங்கிப் போல்ட் தளர்ந்திருக்கும். போல்ட் தலைக்கும் சட்டத்துக்கும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், கோடு விலகினால் தெரிந்துவிடும். சம்பா அறுவடை முடிந்ததும் ஒருமுறை, மழை முடிந்ததும் ஒருமுறை, கிராஸ் மெம்பரின் மேல் அடைந்த சேற்றைக் குச்சியால் குத்தி எடுத்துத் தண்ணீர் பீய்ச்சுங்கள். போன வாரம் மன்னார்குடியிலிருந்து வந்த ஜீப்காரர் "மறுபடி இடிக்கிறது" என்றார். சட்டத்தின் மேலிருந்து நான் எடுத்த மண் ஒரு பாண்டு நிறைய. அதில் இரண்டு நெல் முளைத்திருந்தது.